ஒயில் எங்கை போகுது?

தம்பியின் மகன் ஸ்காபரோவில் சொந்தமாகக் கராஜ் வைத்திருக்கிறான். பனி இன்னும் கரையாத ஒரு சனிக்கிழமை பின்னேரம் அங்கே போயிருந்தேன். லிப்ற்றில் ஒரு சின்ன டேர்போ கார் ஏறி நின்றது. சில கிழமைகளுக்கு முன்தான் அதன் கொன்றொட் பெயரிங்குகளை மாற்றிக் கொடுத்திருந்தான். இப்போது எஞ்சின் நன்றாகச் சூடேறிச் சந்தி விளக்கில் நிற்கும்போதெல்லாம் ஒயில் பிறெசர் குறைவென்று சிவப்பு விளக்கு எரிகிறதாம். திரும்பவும் எஞ்சினைக் கீழே இறக்கவேண்டி வருமோ என்ற கவலையில் நின்றவன், டிப்ஸ்டிக்கை இழுத்து என்னிடம் நீட்டினான்.

"மணந்து பாருங்கோ பெரியப்பா."

பெற்றோல் மணத்தது. மட்டமும் மேற்கோட்டைத் தாண்டி நின்றது. ஒருவரும் ஊற்றாமல் ஒயில் கூடியிருக்கிறது. இதே மாதிரி மட்டம் ஏறிய இன்னொரு டிப்ஸ்டிக்கை மாமா என் மூக்கடியில் பிடித்த நாள் அப்படியே நினைவில் வந்து நின்றது. அன்றைக்கு மணத்தது மண்ணெண்ணெய்.

மாமாவின் கராஜ் கோண்டாவிலில் இருந்தது. நாலு பனங்குற்றி நட்டுக் கிடுகு வேய்ந்த கொட்டில், அதற்குள் சீமெந்தால் கட்டிய ஒரு குழி, ஒரு வேலை மேசை, பக்கத்தில் ஒரு வேப்பமரம். மாமா இளமையில் கோண்டாவில் பஸ் டிப்போவில் வேலை பழகியவர். 1958 இல் தனியார் பஸ்களெல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போய் இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கிய காலத்திலிருந்து லேலண்ட் எஞ்சின்களோடு பழகிய கை அவருடையது. பள்ளிக்கூடம் நடந்தும் நடக்காமலும் இருந்த தொண்ணூறுகளின் முன்பாதியில் நான் அந்தக் கொட்டிலில்தான் கிடந்தேன். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன், ஹான்டில் சுற்றுவேன். சாமான் கழுவிய மண்ணெண்ணெயைத் துணியில் வடித்துத் திரும்பவும் போத்தலில் நிரப்பி வைப்பேன். ஒரு சொட்டுக் கொட்டினாலும் மாமா பேசமாட்டார். பார்ப்பார். அது போதும்.

1990 இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் போத்தல் கணக்கில், அதுவும் கறுப்பில் வாங்கும் பொருளாகிவிட்டது. மின்சாரம் நின்றுபோனது. பற்றறி வருவதில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோக் கறன்ரில் றேடியோ கேட்டோம். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து மண்ணெண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கில் படித்தோம். சீனியில்லாத தேத்தண்ணியைப் பனங்கட்டி கடித்துக் குடித்தோம். அளந்து கிடைத்த அதே மண்ணெண்ணெயில்தான் கார்களும் ஓடின.

தோட்டக்காரருக்கு இது புதிதல்ல. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கிற மிசின் அப்படித்தான் வேலை செய்யும். கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். இங்கிலாந்தில் போருக்குப் பிந்திய பெர்குசன் ட்ராக்டர்களிலும் இதற்கென்றே ஒரு வகை இருந்தது. அந்த எஞ்சின்களின் அமுக்கம் குறைவு, மண்ணெண்ணெயை ஆவியாக்கும் சூடும் அவற்றுக்குள் உண்டு. காரின் எஞ்சினோ பெற்றோலுக்கென்று பிறந்தது. அதை மண்ணெண்ணெய் குடிக்க வைப்பதற்காக எங்கள் ஊர் மெக்கானிக்குகள் செய்த வேலைகளை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. ஹெட் கஸ்கற்றை இரட்டையாகப் போட்டு அமுக்கத்தைக் குறைத்தார்கள். ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினார்கள். சைலன்சர்ச் சூடு காபிரேட்டருக்குப் படும்படி தகரம் வளைத்துக் கட்டினார்கள். காலையில் இருமல் மருந்துப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபிரேட்டரின் வாய்க்குள் விட்டு ஹான்டிலைச் சுற்றினால், எஞ்சின் பிடிக்கும். வெள்ளைப் புகை கிளம்பும். கண் எரியும். சந்தியில் ஒரு கார் போய்விட்டது என்பதை அரை மணி நேரம் கழித்து வந்தவரும் சொல்லலாம்.

ஓடியவையெல்லாம் பழைய இங்கிலாந்துக் கார்கள்தான். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட். அவற்றுக்குள் மின்சாரத்தை நம்பிய வேலை குறைவு. கையாலேயே கழற்றலாம், கையாலேயே பூட்டலாம்.

ஆனால் மண்ணெண்ணெய் ஒரு கெடுதலைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கீழே சம்ப்பில் கிடக்கும் ஒயிலோடு கலந்துவிடும். பெற்றோலும் அப்படி இறங்குவதுண்டு. எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுந்தூரம் ஓடினால் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்கவே ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வேண்டும். சம்ப்பில் கிடக்கும் ஒயில் அவ்வளவு சூடேறுவது அரிது. ஆகவே இறங்கியது அங்கேயே தங்கும். நாளுக்கு நாள் ஒயில் தண்ணீராகும், மட்டம் ஏறும். மட்டம் ஏறுவதைப் பார்த்து 'எஞ்சின் ஒயில் குடிக்கேல்லை' என்று சந்தோசப்பட்டவர்களும் இருந்தார்கள்.

அப்படி ஓடிய ஒரு கேம்பிறிட்ஜ் ஒருநாள் மாமாவிடம் வந்தது. ஏ55, 1489 சி.சி. எஞ்சின். இந்தியாவில் அம்பாசடராக ஓடியதும் இதே குடும்பத்து எஞ்சின்தான். உரிமையாளர் ஹயர் ஓடுகிறவர். அந்த நாட்களில் ஹயர்காரர் என்றால் ஊரின் அம்புலன்ஸும் அவர்தான். நடுச்சாமத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்கு நோவு கண்டால் அவர் வீட்டுப் படலையைத்தான் தட்டுவார்கள். காரில் 'டொக் டொக்' என்ற சத்தம் கேட்டு, வேறொரு இடத்தில் கொடுத்து, நாலு கொன்றொட்டுக்கும் புது பெயரிங் போட்டிருந்தார். தடைக்காலத்தில் ஒரு செற் பெயரிங் தேடி எடுப்பதென்றால் அது பெரிய காரியம். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் ஒயில் பிறெசர் எழும்பவில்லை.

"அண்ணை, புதுசு போட்டும் ஏன் இப்பிடி? இனி என்னட்டை விக்கவும் ஒண்டுமில்லை" என்றார்.

மாமா பொனற்றைத் திறக்கவில்லை. அவரைப் பலகையில் இருத்தி, தேத்தண்ணி கொடுக்கச் சொல்லிவிட்டு, கேட்கத் தொடங்கினார்.

"குளிரேக்கை எவ்வளவு நிக்குது? சூடேறினாப் பிறகு? அக்ஸிலேற்றரை மிதிச்சால் ஏறுதோ? ஏறேக்கை ஊசி நடுங்குதோ?"

டிப்போவில் பழகிய ஒழுங்கு அது. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் எஞ்சினின் ஒரு மூலை இருந்தது. ஊசி நடுங்கினால் பம்ப் ஒயிலோடு காற்றையும் உறிஞ்சுகிறது. சம்ப்புக்குள் இருக்கும் வடி தளர்ந்திருக்கும், அல்லது மட்டம் குறைவாக இருக்கும். குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரித் தாழ்ந்து நின்றால் பம்ப் தேய்ந்திருக்கும், அல்லது மேலதிக ஒயிலைத் திருப்பிவிடும் வால்வு அடைபடாமல் திறந்தபடி நிற்கும். குளிரில் நன்றாக நின்று, சூடேறி ஐடிலில் ஓடும்போது விழுந்தால் ஒன்றில் ஒயில் ஐதாகிவிட்டது, அல்லது எங்கோ இடைவெளி பெரிதாகிவிட்டது. ஹயர்காரரின் பதில் மூன்றாவது வகை. குளிரில் ஐம்பது இறாத்தல், சூட்டில் ஐந்து.

காரில் இருந்த ஊசியை மாமா நம்பவில்லை. பழைய லொறி ஒன்றிலிருந்து கழற்றிய பித்தளை ஒயில் கேஜ் ஒன்று அவரிடம் இருந்தது. செப்புக் குழாயோடு அதை எஞ்சினின் ஒயில் துவாரத்தில் நேரே பூட்டினார். சுன்னாகம் வரை போய்த் திரும்பி வந்தோம். அதிலும் ஐந்துதான். ஊசி பொய் சொல்லவில்லை என்று தெரிந்த பிறகுதான் டிப்ஸ்டிக்கை இழுத்தார். முதலில் மட்டம் பார்த்தார். பிறகு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு துளியை உருட்டினார். பிறகு என் மூக்கடியில் பிடித்தார்.

"என்ன மணக்குது மருமோன்?"

சொன்னேன். ஹயர்காரருக்கு முகம் மலர்ந்தது. ஒயிலை மாற்றினால் சரிதானே என்று நினைத்திருப்பார். ஒயில் எடுப்பதும் லேசில்லை. ஒரு தோட்டக்காரர் பூட்டி வைத்திருந்த நாற்பதாம் நம்பர் ஒயிலை, அவருடைய இறைக்கிற மிசினுக்கு வேலை செய்து கொடுப்பதாக ஒத்துக்கொண்டுதான் மாமா வாங்கினார். ஊற்றி ஓடிப் பார்த்தோம். ஐந்து எட்டாகியது. மண்ணெண்ணெய் ஒரு பங்காளி, வேறொருவரும் இருக்கிறார் என்று மாமா சொன்னார்.

அந்த இடத்தில் எவரும் எடுக்கக்கூடிய ஒரு குறுக்குவழி உண்டு. ஹயர்காரரே அதைக் கேட்டார். "அண்ணை, ஒயில் வால்விலை ஸ்பிறிங்குக்குப் பின்னாலை ஒரு வொஷர் வைச்சால் ஊசி எழும்பும் எண்டு சொல்லீனமே?"

அந்த எஞ்சினில் வால்வு பக்கவாட்டில், ஒரு கவிழ்ந்த நட்டுக்கு உள்ளே, ஸ்பிறிங்கின் முன்னால் இருக்கும். மாமா கழற்றி, ஆசனத்தில் தூசி துகள் இல்லை என்று காட்டி, துடைத்து, வொஷர் வைக்காமலே பூட்டினார். எட்டு இறாத்தலில் அந்த வால்வு ஏற்கெனவே இறுக மூடித்தான் கிடக்கிறது. இன்னும் இறுக்கி என்ன வரப்போகிறது? கூட மிதிக்கும்போது ஊசி கொஞ்சம் மேலே போகும், பார்க்கிறவருக்கு ஆறுதலாக இருக்கும், பெயரிங்குக்கு ஒன்றும் கிடைக்காது. இதை அவர் ஹயர்காரருக்கு இப்படித்தான் விளங்கப்படுத்தினார்:

"நீ தோட்டத்துக்கு இறைக்கிறனி. வாய்க்கால் நடுவிலை உடைச்சுக் கொண்டு ஓடினால் கடைசிப் பாத்திக்குத் தண்ணி போகுமோ? மிசினை முறுக்கி என்ன பிரயோசனம்? உடைப்பைத் தேட வேணும். ஒயில் எங்கை போகுது எண்டு பாப்பம்."

பம்ப் தருவது ஒயிலின் ஓட்டத்தை மட்டுந்தான். அந்த ஓட்டத்தை ஒடுங்கிய இடங்கள் மறிப்பதால் பிறப்பதே அமுக்கம். பெயரிங்குக்கும் கிறாங்குக்கும் நடுவில் விடும் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிலிருந்து இரண்டரைப் பங்கு வரைதான். தலைமுடி ஒன்றின் பருமனே ஏறத்தாழ மூன்று பங்கு வரும். அந்த இடைவெளி இரட்டித்தால் ஒழுக்கு எட்டு மடங்காகும். எஞ்சினில் ஒரேயொரு இடம் தேய்ந்தால் போதும், மற்றவற்றுக்கு வரவேண்டிய ஒயிலையும் அதுவே கொட்டிவிடும். மாமா இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படித்தவர் அல்லர். ஆனால் கையில் வைத்திருந்தார்.

அடுத்த நாள் காரைக் குழிக்கு மேல் நிறுத்தி சம்ப்பைக் கழற்றினோம். முதலில் வடியும் அதன் குழாயும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்தார். பிறகு கொன்றொட் கப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சில இடங்களில் தேய்ந்த கிறாங்குக்குப் பெயரிங்கை நெருக்குவதற்காகக் கப்பின் வாயை அரத்தால் அராவிவிடுவார்கள். அப்படிச் செய்தால் வட்டம் முட்டையாகிவிடும். இங்கே அராவவில்லை. இலக்கங்கள் பொருந்தின, ஒரு கப்பும் இடம் மாறவில்லை. "வேலை செய்த பொடியன் ஒழுங்காத்தான் செய்திருக்கிறான்" என்றார். இன்னொருவர் செய்த வேலையை அவர் ஒருநாளும் இகழ்ந்து நான் கேட்டதில்லை.

பிறகு செய்ததுதான் எனக்கு மறக்கவே முடியாத வேலை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வெங்காயத்துக்கு மருந்தடிக்கிற முதுகு ஸ்பிறேயரை வாங்கி வரச் சொன்னார். அதை நன்றாகக் கழுவிக் காயவைத்து, வெயிலில் வைத்துச் சூடாக்கிய ஒயிலை அதற்குள் ஊற்றினார். ஸ்பிறேயரின் குழாயை, கேஜ் பூட்டிய அதே துவாரத்தில் இறுக்கிக் கட்டினார். எஞ்சினின் ஒயில் வாய்க்கால் முழுவதற்கும் இனி நாங்கள்தான் பம்ப். ஹயர்காரர் ஸ்பிறேயரை அடித்தார். நான் ஹான்டிலை மெதுவாகத் திருப்பினேன். மாமா குழிக்குள் இறங்கி அண்ணாந்து நின்றார். ரோச் லைட்டுக்கு பற்றறி இல்லை. விளக்கைக் குழிக்குள் கொண்டுபோக அவர் விடமாட்டார். ஆகவே மாமி முகம் பார்க்கும் கண்ணாடியை முற்றத்தில் பிடித்து வெயிலைக் குழிக்குள் திருப்பிவிட்டார். வெயில் நகர நகர மாமியும் நகர்ந்தார்.

"உங்கை பிடி... இன்னும் கொஞ்சம் பின்னுக்கு... அந்தா."

பிறகு என்னை இறங்கச் சொன்னார். புதுப் பெயரிங் போட்ட நாலு கொன்றொட்டிலும் ஒயில் துளித்துளியாகச் சொட்டியது. முன் மெயின் பெயரிங்கிலும் பின் மெயினிலும் கொஞ்சம் விரைவாகச் சொட்டியது. நடு மெயின் பெயரிங்கின் இரண்டு பக்கத்தாலும் ஒயில் நூலாகத் தொடர்ந்து வடிந்துகொண்டிருந்தது.

அந்த எஞ்சினின் கிறாங்கைத் தாங்குவது மூன்றே மெயின் பெயரிங்குகள். நாலு பிஸ்ரனின் அடியையும் வாங்கி வளைய முயலும் கிறாங்கின் பாரம் நடுவில்தான் அதிகம் விழும். மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் நொக் பண்ணுவதால் அடியும் கூட. கொன்றொட்டுக்கு ஒயில் போவதும் மெயின் பெயரிங் வழியாகத்தான். கிறாங்குக்குள் துளைத்த துவாரத்தால் மெயினிலிருந்து கொன்றொட்டுக்கு அது ஏறும். நடு மெயின் கொட்டினால் கொன்றொட் காயும். கொன்றொட் முதலில் சத்தம் போட்டது. சத்தம் போட்டதைத்தான் மாற்றினார்கள். அதைக் காயவைத்தது மேலேயே கிடந்தது. அப்படியே ஓடியிருந்தால், தேடியெடுத்த புதுச் செற்றும் அதே வழியில் போயிருக்கும்.

நடு மெயினின் கப்பைக் கழற்றினால் பெயரிங்கின் பூச்சு தேய்ந்து அடி உலோகம் தெரிந்தது. கிறாங்கை இறக்கி அரைத்தெடுத்து, அதற்கேற்ற அளவில் பெயரிங் போடுவதுதான் முறை. அரைக்கிற மெசினுக்கு மின்சாரம் இல்லை. அளவான பெயரிங்கும் இல்லை. மாமா மைக்ரோமீற்றரால் கிறாங்கை நெடுக்கும் குறுக்கும் அளந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வட்டம் கொஞ்சம் கெட்டிருந்தது. ஆனால் கோடு விழவில்லை. கடைசியில், ஷெல் விழுந்து நொறுங்கி ஒரு வீட்டுப் பின்வளவில் கிடந்த மொறிஸ் ஒக்ஸ்போட்டைத் தேடிப் போனோம். பெயர் வேறென்றாலும் அதற்குள்ளும் அதே 1489 எஞ்சின். வீட்டுக்காரர் காசு வாங்கவில்லை. "ஆருக்கெண்டாலும் உதவினால் சரி" என்றார். அதன் நடு மெயின் பெயரிங் பழையதுதான், ஆனால் பூச்சு முழுதாக இருந்தது.

கிறாங்கைக் கழற்றாமலே மேல் பாதிப் பெயரிங்கை எடுக்க ஒரு வழி உண்டு. கிறாங்கின் ஒயில் துவாரத்தில் தலை தட்டையான ஒரு சிறிய ஆணியைச் செருகி, கிறாங்கை மெதுவாகத் திருப்பினால், ஆணித்தலை பெயரிங்கைத் தள்ளிக்கொண்டே சுற்றி வெளியே கொண்டுவரும். மாற்றையும் அதே வழியில் உள்ளே உருட்டிவிடலாம். இடைவெளியை அளக்க மாமா சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளைப் பயன்படுத்தினார். தாளின் தடிப்பை முதலில் மைக்ரோமீற்றரில் அளந்து, ஒரு கீற்று வெட்டிக் கப்புக்குள் வைத்து இறுக்குவார். கிறாங் பிடித்தால் இடைவெளி தாளின் தடிப்பிலும் குறைவு. பிடிக்காமல் சுற்றினால் கூட. ஒன்று, இரண்டு, மூன்று மடிப்பு என்று வைத்துவைத்துக் கண்டுபிடித்தார். இப்போது தம்பியின் மகன் இதற்குப் பச்சை நிறத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நூல் வைத்திருக்கிறான். கப்பை இறுக்கிக் கழற்றினால் நூல் நசிந்திருக்கும். எவ்வளவு அகலத்துக்கு நசிந்தது என்று உறையில் அச்சிட்ட அளவோடு வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். அவன் அதைச் செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாமாவின் ஈயத்தாள்தான் கண்ணில் நிற்கும்.

சம்ப்பைப் பூட்டி, வடித்து வைத்த ஒயிலையே திரும்ப ஊற்றி, சுன்னாகம் போய்த் திரும்பி வந்தோம். சூடான ஐடிலில் பதினைந்து இறாத்தல். புது எஞ்சினுக்கு அது பெரிதில்லை. மண்ணெண்ணெயில் ஓடுகிற, கிறாங் வட்டம் கெட்ட, பழைய கேம்பிறிட்ஜுக்கு அது வாழ்வு. ஹயர்காரர் அழுதுவிட்டார். மாமா கேஜைக் கழற்றவில்லை. அதைக் காரிலேயே விட்டுவிட்டார். டிப்ஸ்டிக்கில் அரத்தால் ஒரு கோடு போட்டு, "இதுக்கு மேலை வந்தால் என்னட்டை வா, கீழை போனாலும் வா" என்றார். எஞ்சினை நிற்பாட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் பெற்றோலில் ஓடவிட வேண்டும், காபிரேட்டரில் மண்ணெண்ணெய் மிஞ்சக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். பெற்றோலை அதற்கென்று ஒதுக்க எவருக்கு மனம் வரும்? ஹயர்காரர் ஒதுக்கினார்.

பல வருடம் கழித்து, கனடாவில் ஒரு மெசின் சொப்பில் வேலை செய்த காலத்தில், பெயரிங் பற்றிய புத்தகம் ஒன்றில் பீச்சம் டவர் என்பவரின் கதையை வாசித்தேன். 1883 இல் லண்டனில், இயந்திரப் பொறியியலாளர் சங்கத்துக்காக அவர் ரயில் பெட்டி அச்சுப் பெயரிங் ஒன்றைச் சோதித்தார். ஒயில் விடுவதற்காகப் பெயரிங்கின் மேல் ஒரு துவாரம் துளைத்தால், ஒயில் உள்ளே போகாமல் மேலே பொங்கி வழிந்தது. தக்கை அடித்தார், வெளியே தள்ளியது. மரமுளை அடித்தார், அதையும் தள்ளியது. கேஜ் பூட்டிப் பார்த்தால் 200 இறாத்தலுக்கு மேல் காட்டியது. சுமையோ சராசரியாக 100 தான். சுற்றுகிற அச்சு ஒயிலை இழுத்து ஒடுங்கிய இடத்துக்குள் செலுத்தித் தானே தன்னைத் தூக்கிக்கொள்கிறது என்பதை 1886 இல் ஒஸ்போன் ரெயினோல்ட்ஸ் கணிதமாக எழுதிக் காட்டினார். உலோகத்தை உலோகத்திலிருந்து பிரித்து வைப்பது கேஜில் தெரியும் அமுக்கமே அல்ல. அச்சின் சுழற்சி உண்டாக்கும் அந்த மெல்லிய ஒயில் படலம். பம்ப் செய்வது அந்தப் படலத்துக்கு ஒயில் குறையாமல் பார்த்துக்கொள்வது. மெதுவாகச் சுற்றும் ஐடிலில், ஐதான சூடான ஒயிலில், படலம் ஆக மெல்லியதாக இருக்கும். மாமா ஏன் எப்போதும் சூடான ஐடிலையே பார்த்தார் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. அந்தப் பக்கத்தை அவருக்குத் தமிழில் எழுதி அனுப்பினேன். கடிதம் கிடைத்ததென்று பதில் வந்தது. கூடவே, எந்த ஒயில் பாவித்தார்கள் என்று ஒரு கேள்வியும்.

ஸ்காபரோக் காருக்கு அவ்வளவு தேடல் வேண்டியிருக்கவில்லை. சொந்தக்காரர் வேலைக்குப் போவது ஐந்து நிமிடத் தூரம். பனிக்காலம் முழுவதும் எஞ்சின் ஒருநாளும் முழுச் சூடு காணவில்லை. பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் இந்த வகை எஞ்சின்களில், குளிரில் பெற்றோல் சுவரில் வழிந்து ஒயிலுக்குள் இறங்குவது தெரிந்த சங்கதிதான். இப்போதைய ஒயிலோ ஏற்கெனவே ஐது. ஒயிலையும் பில்டரையும் மாற்றி, சென்ஸரைக் கழற்றிக் கை கேஜ் பூட்டி, நெடுஞ்சாலையில் ஓடிச் சூடாக்கிப் பார்த்தோம். கம்பனிப் புத்தகம் சொன்ன அளவில் நின்றது. அவன் போட்ட பெயரிங்கில் ஒரு குறையும் இல்லை. எஞ்சினை இறக்காமல் முதலில் டிப்ஸ்டிக்கை மணந்து பார்த்தானே, அது எனக்குப் பெரிய சந்தோசம். அவனுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "அப்பா" என்றான். தம்பியும் அந்தக் கொட்டிலில் வளர்ந்தவன்தான்.

கேம்பிறிட்ஜுக்கு மாமா செய்த வேலை எவ்வளவு பெரியது என்று நாங்கள் அறிந்தது அதற்கு அடுத்த வருடம், 1995 ஒக்ரோபர் 30 இரவு. வலிகாமத்தை விட்டு எல்லோரும் உடனே வெளியேற வேண்டுமென்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் போகும் இரண்டொரு வழியில் இறங்கியது. மழை கொட்டியது. தாகத்துக்குக் குடையை மலர்த்திப் பிடித்து மழைத்தண்ணி ஏந்திக் குடித்தார்கள். நாங்கள் சைக்கிளில் மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஹயர்காரரின் கேம்பிறிட்ஜ் எங்களுக்குப் பின்னால் எங்கோ வந்துகொண்டிருந்தது. அதற்குள் நடக்க முடியாத கிழவிகள், ஒரு பிள்ளை பெற்று இரண்டு கிழமையான தாய், மடிக்கு மடி குழந்தைகள்.

செம்மணி வெளியில் சனம் அசையாமல் நின்ற நேரம் உண்டு. கார் ஒரு முழம் நகரும், நிற்கும், நகரும். எஞ்சினை நிற்பாட்டலாந்தான். ஆனால் திரும்ப ஸ்ராட் பண்ணப் பெற்றோல் வேண்டும். மருந்துப் போத்தலில் இருந்தது ஒரு தரத்துக்கு மட்டுந்தான். அந்த நெரிசலில் முன்னால் நின்று ஹான்டில் சுற்ற இடமும் இல்லை. ஆகவே அவர் நிற்பாட்டவேயில்லை. நல்ல சூட்டில், ஐடிலில், விடிய விடிய எஞ்சின் ஓடியது. நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்போது விடிந்துவிட்டதாம்.

இரண்டு நாள் கழித்துச் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வளவுக்குள் அவரைக் கண்டோம். மாமாவைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"பத்துக்குக் கீழை போகேல்லை அண்ணை. விடிய விடிய அந்த ஊசியைத்தான் பாத்துக் கொண்டிருந்தனான்."

மாமா அவர் முதுகைத் தடவினார். வீடு, கராஜ், குழி, வேப்பமரம் எல்லாவற்றையும் விட்டு வந்த மனிசன் அடுத்ததாகக் கேட்டது, "மட்டம் பாத்தனியோ?" என்றுதான்.

பார்த்தோம். அரத்தால் போட்ட கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. ஒரு இரவு முழுவதும் இறங்கிய மண்ணெண்ணெய். மாமா வெறும் தகரம் ஒன்றைத் தேடியெடுத்து, காருக்குக் கீழே மழை ஈரத்தில் சாக்கை விரித்துப் படுத்து, சம்ப்பை வடித்தார். மூட்டைக்குள் துணிக்குப் பதிலாக அவர் சுற்றிக் கொண்டுவந்திருந்த ஒரு போத்தல் நாற்பதாம் நம்பர் ஒயிலை, வடித்ததில் ஒரு பங்கோடு கலந்து கோடு வரைக்கும் ஊற்றினார். அன்றிரவே அந்தக் கார் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனது.